சொன்னால்தான் இருமும் நுரையீரல்

சாப்பிடும்போது புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். ஒரு பருக்கை வழிதவறி மூச்சுக்குழாயின் வாசலைத் தொட்டதுமே உடம்பு குலுங்கி இருமிவிடுகிறது. யோசித்து இருமுவதற்கெல்லாம் நேரமே இல்லை. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் தொண்டையில் இதே புரையேறுதல் உண்டு. ஆனால் அதற்குக் கீழே, இன்னொருவருடைய நுரையீரலைக் கொண்டுவந்து தைத்த இடத்தைத் தாண்டிவிட்டால், சளி கட்டினாலும் நீர் கோத்தாலும் மூளைக்குத் தகவல் போகாது. அந்த உறுப்பை எடுக்கும்போதே நரம்புகள் அறுபட்டுவிட்டன. ரத்தக் குழாயைத் தைப்பதுபோல அவற்றைத் தைத்து இணைக்க வழியில்லை. அதனால் பிசியோதெரபி நிபுணர் இவர்களுக்கு ஒரு விசித்திரமான பாடம் நடத்துகிறார்: இருமல் வராவிட்டாலும் இருமுங்கள். வேளை வைத்துக்கொண்டு, மருந்து சாப்பிடுவதுபோல, இருமுங்கள்.

அப்படியானால் மூச்சு மட்டும் எப்படித் தானாக நடக்கிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை அவருடைய சொந்தத் தசை. அதற்குப் போகும் நரம்பும் சொந்தம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறதா என்று ஓயாமல் அளக்கும் மூளைத்தண்டும் சொந்தம். துருத்தி புதிது, அதை மிதிக்கிற கால் பழையது. தூங்கும்போதுகூட மூச்சு பிசகுவதில்லை.

வலி தெரியாத, இருமத் தெரியாத இந்த வீட்டுக்குள்தான் 2020-ல் கொரோனா வைரஸ் நுழையத் தொடங்கியது.

மாற்றி வைக்கக்கூடிய உறுப்புகளிலேயே நுரையீரல் தனி ரகம். சிறுநீரகம், கல்லீரல், இதயமெல்லாம் உள்ளறைகள். நுரையீரலோ தெருவைப் பார்த்த திண்ணை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று அதில் வந்து போகிறது. மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் பத்தை தினமும் நிரப்பிக் காலி செய்வதற்குச் சமம். உள்ளே போன காற்று சுமார் 23 தடவை கிளைபிரிந்து, முப்பது கோடிக்கும் அதிகமான நுண்ணறைகளில் போய் முடிகிறது. அத்தனையையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 750 சதுர அடி: இரண்டு படுக்கையறை கொண்ட சிறிய ஃபிளாட் ஒன்றின் தரை. அந்தத் தரையின் தடிமன் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜன் புகுவதற்காக இயற்கை இவ்வளவு மெல்லிசாக இழைத்த இடம் கிருமி புகுவதற்கும் தோதாகத்தான் இருக்கும்.

கிருமியின் அளவையும் பார்த்துவிடலாம். கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். அதை ஒரு மிளகு அளவுக்குப் பெரிதாக்கினால், அதே கணக்கில் ஓர் ஆளின் உயரம் எண்பது கிலோமீட்டருக்கு நீளும். சென்னையில் தலையை வைத்துப் படுத்தால் கால் காஞ்சிபுரத்தைத் தாண்டிவிடும். இந்த மிளகு மேலே துருத்தும் முட்களால் செல்லின் ஏசிஇ2 என்ற கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது.

சாதாரண நுரையீரலில் அதற்கு முன்பே பல தடைகள் உண்டு. காற்றுக்குழாய்களின் உட்சுவரில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. தைத்த நுரையீரலில் இந்தத் துடைப்பம் மந்தமாகத்தான் ஓடும். கிருமிச் செய்தியைச் சுமந்துபோகும் நிணநீர்க் குழாய்களும் அறுபட்டிருக்கும். இன்னொன்றைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது: காற்றுக்குழாயின் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் மெல்லிய தமனியைப் பெரும்பாலான மருத்துவமனைகளில் இணைப்பதே இல்லை. தையலை ஒட்டிய பகுதி தொடக்க வாரங்களில் எதிர்த்திசையில் கசிந்துவரும் ரத்தத்தை நம்பித்தான் பிழைத்துக் கிடக்கிறது. தெருக்குழாய் இணைப்பு இல்லாத வீடு கொல்லைப்புறத்து ஊற்றில் காலம் தள்ளுவது மாதிரி.

இனி காவல்காரர்கள் பக்கம் வருவோம். நம் ஒவ்வொரு செல்லும் தன் மேல்தோலில் ஓர் அடையாள வில்லை குத்திக்கொண்டிருக்கிறது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ரோந்து வந்து அந்த வில்லையைச் சரிபார்க்கின்றன. அந்நிய வில்லை கண்ணில் பட்டால் அடி விழும். மாற்று நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது அந்நிய வில்லை. 1963-ல் அமெரிக்காவின் மிசிசிபியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனித நுரையீரலை மாற்றி வைத்தபோது நோயாளி பதினெட்டு நாள் உயிரோடு இருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் நாற்பது முயற்சிகள் நடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1983-ல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் செய்த சிகிச்சைதான் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. இடையில் வந்து சேர்ந்தது ஒரு மருந்து. நார்வேயின் மலைச் சமவெளி ஒன்றில், விடுமுறைக்குப் போன மருந்து நிறுவன ஊழியர் அள்ளிவந்த மண்ணில் இருந்த பூஞ்சை தந்த சைக்ளோஸ்போரின்.

இன்று அதன் இடத்தில் பெரும்பாலும் இருப்பது டாக்ரோலிமஸ். இதுவும் மண்ணிலிருந்து வந்ததுதான். ஜப்பானின் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து 1984-ல் கிடைத்தது. பெயரின் முதலெழுத்து அந்த மலையினுடையது. டி செல்லுக்குள் 'எதிரி வந்துவிட்டான், பெருகு' என்ற செய்தியை உட்கருவுக்கு எடுத்துப்போக ஒரு நொதி வேண்டும். டாக்ரோலிமஸ் அந்த நொதியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டி செல் சாவதில்லை. எதிரியைப் பார்க்கவும் பார்க்கிறது. தாக்கீதுதான் போய்ச் சேர்வதில்லை.

எவ்வளவு மருந்து இதைச் செய்கிறது தெரியுமா? ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் பத்து நானோகிராம். உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மேசை உப்பில் ஒரே ஒரு துகளின் எடை. கொஞ்சம் குறைந்தால் நுரையீரல் நிராகரிக்கப்படும். கொஞ்சம் கூடினால் கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். ஆகவே இவர்கள் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கடிகாரம் பார்த்து மாத்திரை போடுகிறார்கள். அளவு பார்க்கும் நாளன்று காலை மாத்திரையை விழுங்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் நிற்பார்கள். ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திய பிறகுதான் வாயில் போட்டுக்கொள்வார்கள். மருந்து மிகக் குறைந்திருக்கும் கணத்தைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

கொரோனா காலத்தில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு.' கஷாயம், சூரணம், சத்துமாவு, எதை எடுத்தாலும் அட்டையில் அந்த வாசகம். நுரையீரல் மாற்றுக்காரருக்கு அந்த விளம்பரம் ஒரு மிரட்டல் கடிதம். அவருக்குக் கூடவே கூடாத ஒன்று கூடுதல் எதிர்ப்புச் சக்திதான்.

டாக்ரோலிமஸ் தனியாக வேலை செய்வதில்லை. துணைக்கு ஒரு ஸ்டீராய்டு. பிறகு மைக்கோபீனோலேட் என்ற இன்னொரு மாத்திரை. இது பூஞ்சை தந்த மருந்து. இதன் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் மரபுச்சரத்தை நகலெடுக்க வேண்டும். அதற்கு எழுத்துகள் தேவை. உடம்பின் மற்ற செல்கள் பழைய எழுத்துகளைப் பொறுக்கியெடுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். வெள்ளை அணுக்களில் டி, பி என்ற இரு வகைகள் மட்டும் பெருகும் வேகத்தில் புதிதாக வார்த்த எழுத்துகளையே நம்பியிருக்கின்றன. மைக்கோபீனோலேட் அந்த வார்ப்படச் சாலையை மட்டும் மூடுகிறது. உடம்பு முழுவதையும் தொந்தரவு செய்யாமல் காவல் படையின் ஆள்சேர்ப்பை மட்டும் நிறுத்துகிற வேலை இது.

இங்கேதான் தடுப்பூசி மாட்டிக்கொண்டது. தடுப்பூசி என்பது ஒத்திகை. வைரஸின் முள்ளைப் பார்த்ததும் பொருத்தமான பி செல் ஒன்று விழித்து, நாளொன்றுக்குச் சில தடவை வீதம் பிரிந்து பெருகி, எதிர்ப்புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, உற்பத்தி செய்ய வேண்டும். பெருகுவதற்கு எழுத்து இல்லையென்றால்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021-ல் பல்வேறு உறுப்பு மாற்றுப் பெற்றவர்களைச் சோதித்தார்கள். முதல் ஊசிக்குப் பின் 436 பேரில் 17 சதவீதத்தினரிடம் மட்டுமே எதிர்ப்புரதம் தெரிந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு 658 பேரில் 54 சதவீதம். மைக்கோபீனோலேட் வகை மருந்து எடுத்தவர்களிடம் நிலைமை இன்னும் மோசம். ஆரோக்கியமானவர்களிடம் இதே ஊசி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேலை செய்திருந்தது. டொராண்டோவில் 120 பேரை வைத்து மூன்றாவது ஊசியைச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் 55 சதவீதத்தினர் போதுமான அளவை எட்டினார்கள். வெறும் உப்புநீர் ஏறியவர்களில் 18 சதவீதம்தான். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் இவர்களுக்கு மூன்றாம் ஊசி அனுமதிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு 'பூஸ்டர்' என்று வந்தது இவர்களுக்கு அடிப்படைத் தவணையாகவே ஆயிற்று.

எதிர்ப்பு அடக்கப்பட்ட உடம்பில் வைரஸ் தடையில்லாமல் பரவி எல்லோரும் மாண்டுபோவார்கள் என்றுதான் 2020-ன் தொடக்கத்தில் பயந்தார்கள். நடந்தது சிக்கலானது. அந்த ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் ஐம்பதுக்கும் மேற்பட்ட மையங்களிலிருந்து 482 உறுப்பு மாற்றாளர்களின் விவரங்களைத் திரட்டினார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் 28 நாளுக்குள் இறந்திருந்தார். மிகக் கொடுமையான எண்தான். ஆனால் யார் இறந்தார்கள் என்று துருவியபோது வயது, இதயத் தளர்ச்சி, உடல் பருமன், நுரையீரல் நோய் ஆகியவை முன்னே நின்றன. எதிர்ப்பை எவ்வளவு அடக்கியிருந்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை!

காரணத்தின் ஒரு பகுதி கொரோனாவின் சுபாவத்தில் இருக்கிறது. முதல் வாரம் ஆடுவது வைரஸ். இரண்டாம் வாரம் நுரையீரலைப் பாழாக்குவதில் பெரும் பங்கு, திருடனைப் பிடிக்க வந்து வீட்டையே கொளுத்தும் நம் சொந்தக் காவல் படைக்கு. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு அறிவித்த செய்தி நினைவிருக்கலாம்: டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. எதிர்ப்பை அடக்கும் மருந்து உயிரைக் காத்தது. அந்த இனத்து மாத்திரையைத்தான் மாற்று நுரையீரல்காரர் காபியோடு தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். இதற்காக அவர் பாதுகாப்பானவர் என்று முடிவுகட்டிவிட முடியாது. சிறுநீரகம் மாற்றியவருக்கு யுத்தம் வேறெங்கோ நடக்கிறது. இவருக்கு யுத்தகளமே அந்த இரவல் உறுப்புதான். பிழைத்து எழுந்த பிறகும் மூச்சளவு பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள் உண்டு.

தானாக எதிர்ப்புரதம் செய்ய முடியாதவருக்கு, செய்ததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? நோயிலிருந்து மீண்டவர்களின் பி செல்களிலிருந்து மாதிரி எடுத்து, இரண்டு எதிர்ப்புரதங்களைத் தொழிற்சாலையில் வளர்த்தார்கள். பெயர் எவுஷெல்ட். இடுப்பில் இரண்டு ஊசி. சாதாரணமாக இப்படி ஏற்றும் எதிர்ப்புரதம் மூன்று வாரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். அதன் வால் பகுதியில் மூன்றே மூன்று கண்ணிகளை மாற்றினார்கள். உடம்பில் பழைய புரதங்களைக் குப்பைக்கு அனுப்பாமல் மீட்டு ரத்தத்துக்கே திருப்பும் ஒரு கொக்கி இருக்கிறது; இந்த மாற்றத்தால் எதிர்ப்புரதம் அந்தக் கொக்கியில் இறுக்கமாக மாட்டிக்கொண்டது. மூன்று வாரம் மூன்று மாதமாயிற்று. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸும் சும்மா இருக்கவில்லை. ஒமிக்ரான் குடும்பத்தின் புதுப் பிள்ளைகள் முள்ளின் வடிவத்தை மாற்றிக்கொள்ள, 2023 ஜனவரியில் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள்.

மாத்திரையாக வந்தது பாக்ஸ்லோவிட். இதில் இரண்டு மருந்துகள். நிர்மாட்ரெல்விர் வைரஸை முடக்குகிறது. ரிட்டோனாவிர் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி ஒன்று வருகிற மருந்துகளையெல்லாம் அரைத்துத் தள்ளுகிறது. ரிட்டோனாவிர் அந்த ஆட்டுக்கல்லின் குழவியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முதல் மருந்து அரைபடாமல் நீண்ட நேரம் ரத்தத்தில் நிற்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதே ஆட்டுக்கல்தான் டாக்ரோலிமஸையும் அரைக்கிறது! இரண்டையும் சேர்த்து விழுங்கினால் உப்புத் துகள் அளவு, பல துகள்களாக ஏறி நஞ்சாகிவிடும். மருத்துவர்கள் கண்ட வழி எளிமையானது. பாக்ஸ்லோவிட் தொடங்கியதும் டாக்ரோலிமஸை நிறுத்துவது. ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது அரைபடாமல் நாட்கணக்கில் அப்படியே நின்று நுரையீரலைக் காக்கும். ஐந்து நாள் முடிந்து, குழவி மறுபடி சுழலத் தொடங்கியதும், ரத்தத்தில் அளவு பார்த்து மெல்ல மீண்டும் ஆரம்பிப்பது. இந்தக் கணக்கில் கை பழகாத இடங்களில் ரெம்டெசிவிர் என்ற நரம்பூசியே மேல் என்று விட்டுவிடுகிறார்கள்.

பழ வண்டியிலும் இந்த வில்லங்கம் உண்டு. பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடலில் இருக்கும் இதே நொதியை அமுக்கிவிடும். பம்பளிமாஸ் சாப்பிட்டு டாக்ரோலிமஸ் அளவு எகிறிய சிறுநீரக மாற்று நோயாளியைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாற்று உறுப்புக்காரர்களின் உணவுப் பட்டியலில் இந்தப் பழங்களுக்குத் தடை போட்டிருப்பது அதனால்தான்.

காவல் தூங்கும் வீட்டில் வைரஸ் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனாகத் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மற்றவர்களிடம் பத்துப் பதினைந்து நாளில் வெளியேறுவது, இவர்களில் சிலரிடம் மாதக்கணக்கில் இருக்கிறது. கொரோனா வைரஸின் மரபுச்சரம் சுமார் முப்பதாயிரம் எழுத்து. அதற்கென்று பிழைதிருத்தும் நொதி இருப்பதால் மக்களிடையே பரவும்போது மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகளே மாறி நிலைத்தன. நீண்டநாள் தங்கிய உடம்புகளில் வேகம் கூடியது. 2020 கடைசியில் பாஸ்டன் மருத்துவர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். உறுப்பு மாற்றியவர் அல்ல. வேறு நோய்க்காக எதிர்ப்பு அடக்கி மருந்து எடுத்தவர். 154 நாட்கள் அவர் உடம்பில் வைரஸ் இருந்தது. பின்னாளில் பெரிய திரிபுகளில் உலகம் பார்த்த மாற்றங்களில் சில அவரிடம் முன்பே தோன்றியிருந்தன.

காவல் எவ்வளவு தூங்குகிறது என்று எப்படி அளப்பது? டாக்ரோலிமஸ் அளவு மருந்தைச் சொல்லும், தூக்கத்தைச் சொல்லாது. இங்கே உதவிக்கு வருவது இன்னொரு வைரஸ். 1997-ல் ஜப்பானில் கண்டுபிடித்த டார்க் டெனோ என்ற வைரஸ், உங்களிடமும் என்னிடமும் அநேகமாக இருக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்வதாகத் தெரியவில்லை. எதிர்ப்பு தளர்ந்தால் பெருகும், விழித்தால் அடங்கும். ரத்தத்தில் அதன் எண்ணிக்கையை எண்ணி எதிர்ப்பின் நிலையை மதிப்பிடும் முயற்சிகள் நடக்கின்றன. வாசலில் பூனை எத்தனை படுத்திருக்கிறது என்று பார்த்து, வீட்டு நாய் தூங்குகிறதா என்று கண்டுபிடிப்பது போல.

கொடையாளரின் நுரையீரலோடு வைரஸும் வந்து சேரலாம் என்பதைக் காட்டியது மிச்சிகனில் 2020 இலையுதிர் காலத்தில் நடந்த சம்பவம். விபத்தில் இறந்த ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் குச்சிவிட்டுச் சோதித்தார்கள். கொரோனா இல்லை என்றது முடிவு. நுரையீரலைப் பெற்ற பெண்ணுக்கு மூன்றாம் நாளே நோய் கண்டது. நுரையீரலைக் கையாண்ட அறுவை மருத்துவரும் நோயில் விழுந்து பிறகு தேறினார். எடுத்து வைத்திருந்த கொடையாளரின் நுரையீரல் கழுவல் நீரைப் பின்னர் சோதித்தபோது உள்ளே வைரஸ் இருந்தது தெரிந்தது. மூக்கு சுத்தம், நுரையீரலின் அடியில் கிருமி. அந்தப் பெண் அறுபத்தொரு நாளில் இறந்தார். 2021 மே மாதம் முதல் அமெரிக்காவில் நுரையீரல் கொடையாளர் ஒவ்வொருவருக்கும் மூக்கோடு நிறுத்தாமல் கீழ்ச் சுவாசப் பாதையிலிருந்தும் மாதிரி எடுத்தே தீர வேண்டும்.

இதே வைரஸ் இந்தச் சிறு கூட்டத்துக்குப் புதிய உறுப்பினர்களையும் சேர்த்தது. நுரையீரல் தேறவே தேறாத அளவுக்குத் தழும்பாகிப் போனவர்களுக்கு மாற்று ஒன்றே வழி. 2020 பிப்ரவரி இறுதியில் சீனாவின் வூசியிலும், ஜூனில் சிகாகோவிலும், ஆகஸ்ட் கடைசியில் சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேரில் கே. ஆர். பாலகிருஷ்ணன் குழுவினராலும் அப்படிப்பட்ட இரட்டை நுரையீரல் மாற்றுகள் நடந்தன. அமெரிக்காவில் மட்டும் 2020 ஆகஸ்ட் முதல் 2021 செப்டம்பர் வரை 214 பேர்.

அவர்களும் மற்றவர்களைப் போலவே தினமும் காலையில் மூக்கில் கவ்வியை மாட்டிக்கொண்டு, கைக்கடக்கமான ஒரு கருவிக்குள் முழு மூச்சையும் ஒரே தம்மில் ஊதுகிறார்கள். முதல் ஒரு வினாடியில் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்று திரை காட்டும். 2.40 என்றால் நோட்டில் எழுதிவிட்டுக் காபிக்குப் போகலாம். 2.15 என்றால் இன்னும் இரண்டு தடவை ஊதிப் பார்ப்பார்கள். அப்போதும் 2.15 என்றால், பத்து சதவீதம் போய்விட்டது. காய்ச்சல் இல்லாவிட்டாலும், இருமல் வராவிட்டாலும், அடுத்த வேலை மருத்துவமனைக்குப் போன் போடுவது.